சபைக்குத் தெரியும், மேடைக்குத் தெரியாது

துறைத் தலைவர் போன் செய்து, "புதுசா சேர்ந்திருக்கிற லெக்சரர்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் பேசுங்க மேடம்" என்றபோது, முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முழங்கால் வலி ஒரு பக்கம். ஓய்வு பெற்றவர்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். நானும் இளம் வயதில் அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்கியவள்தான். எழுதிக் கொடுத்தாலும் போதும் என்றார். எழுதினால் பிடிக்காதவர்கள் மடித்து வைத்துவிடலாமே. அந்த ஒரு சௌகரியத்துக்காக எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் நாடகத் தாள் எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பாவம்தான் நீங்கள். ஆம்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துவது என்றால், மதியம் இரண்டு மணி வெயிலில், தூக்கம் சொக்கும் பிள்ளைகளிடம், துன்பியல் நாடகத்தின் கலைச்சொற்களை நடத்துவது. ஹமார்ஷியா, கதார்சிஸ், கோரஸ், தனிமொழி. நான் பணியில் இருந்த காலம் முழுக்க இந்தச் சொற்களோடு மாரடித்தேன். இவற்றுக்குப் பிள்ளைகள் எழுதும் விடைகளைத் திருத்தித் திருத்தியே என் கண்ணாடியின் பவர் ஏறியது.

ஹமார்ஷியா என்றால் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமான பிழை. கைடில் அதை 'டிராஜிக் ஃபிளா' என்று போட்டிருப்பான். தோல் தொழில் நடக்கும் நம் ஊரில் ஃபிளா என்ற சொல் எல்லார் வீட்டிலும் புழங்குகிற சொல். தோலில் உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, இதெல்லாம் ஃபிளா. தரம் பிரிக்கிறவர்கள் அதைச் சுற்றி சாக்கால் வட்டம் போட்டு ஒதுக்கி வைப்பார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: கதாநாயகன் உயர்ந்த தோல், ஆனால் ஓர் இடத்தில் ஃபிளா இருப்பதால் அவனை எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்ப முடியாது. முழு மதிப்பெண் போட்டேன். கதார்சிஸுக்கு, அதாவது பார்வையாளர்களின் இரக்கமும் பயமும் வடிந்து மனம் தெளிவதற்கு, இன்னொருத்தி, நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களைக் கழுவி அனுப்புவது என்று எழுதியிருந்தாள். அதற்கும் பாதி போட்டேன், சிரிக்க வைத்ததற்காக.

தப்பாக எழுதுகிறவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். சரியாக எழுதுகிறவர்கள்தான் பேஜார். நாடக முரண் என்றொரு சொல் இருக்கிறது. டிராமாடிக் ஐரனி. பார்வையாளர்களுக்குத் தெரிந்த ஒன்று மேடையில் நிற்கும் பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது. இதை மட்டும் எல்லாப் பிள்ளைகளும் கமா மாறாமல் எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் வகுப்பில், சபைக்குத் தெரியும், மேடைக்குத் தெரியாது என்று சுருக்கமாகச் சொல்லுவேன். அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். எனக்கே அது எவ்வளவு தூரம் விளங்கியிருந்தது என்பது, கோமதியின் நாடகம் நடந்த வருஷத்தில்தான் தெரிந்தது.

கோமதி அப்போது இறுதியாண்டு. மாதனூர் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா சாந்தா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து, காலையில் கம்பெனி பஸ், சாயந்திரம் கம்பெனி பஸ் என்று அவளை வளர்த்து ஆளாக்கியவர். கோமதிக்கு வாய் ஜாஸ்தி. பி.எட். முடித்துவிட்டு டீச்சராக வேண்டும் என்பது அவள் ஒரே முடிவு. அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளே ஒரு துன்பியல் நாடகம் எழுதினார்கள். அம்மாக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழில்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு.

விழாவுக்குச் சில நாள் முன்னால் சாந்தா கல்லூரிக்கு வந்தார். தாழ்வாரத்தில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தார். என்னை விட்டுவிட்டு, என் பக்கத்தில் நின்றிருந்த அட்டெண்டர் அம்மாவுக்கு "வணக்கம் மேடம்" என்றார். கூச்சத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானே அவரை ஓரமாக அழைத்துப் போனேன்.

"கோமதி இங்க இல்லியே மேடம்?"

"இல்லம்மா, வகுப்புல இருக்கா. சொல்லுங்க."

"விழாவுக்கு மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க. ஆலங்காயம் பக்கம். நல்ல எடம். நாடகத்துலயே பொண்ண பாத்துட்டுப் போவட்டும்னு நான்தான் சொன்னேன். பாப்பாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

"அவளுக்கே தெரியாம அவளைப் பொண்ணு பார்க்கிறதா? இது என்னம்மா நியாயம்?"

"சொன்னா வர மாட்டா மேடம். போன தடவ ஒருத்தங்க வந்தாங்க. இவ ரூமுக்குள்ள போய் தாப்பா போட்டுக்கினா. வந்தவங்க பஜ்ஜிய துன்னுட்டு எழுந்து போய்ட்டாங்க. தெருவே பாத்துச்சு."

"அவதான் பி.எட். படிக்கணும்னு சொல்றாளே. ரெண்டு வருஷம் பொறுத்தா என்ன?"

சாந்தா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு சக்கர கண்ணுல எறங்கிடுச்சு மேடம். நேரா பாத்தா நடுவுல கறுப்பா ஒண்ணு குந்திக்கினு இருக்குது. ஓரத்துல இருக்கறது தான் தெரியுது. போனது போனது தான், இருக்கறத காப்பாத்திக்கலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. மிஷின்ல நூலு கோக்க முடில. பக்கத்து மிஷின் மல்லிகா தான் கோத்துக் குடுத்துக்கினு இருந்தா. இப்ப என்னிய பசை தடவற டேபிளுக்கு மாத்திட்டாங்க. அதுவும் எத்தினி நாளைக்குனு தெரில."

"கோமதிக்கு இது தெரியுமா?"

"பிரமோஷன்னு சொல்லி வெச்சிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. "இப்ப தெரிஞ்சா புக்க தூக்கிப் போட்டுட்டு கம்பெனி பஸ்ல ஏறிடுவா மேடம். எனக்கு பதிலா மிஷின்ல குந்திடுவா. அவள எனக்குத் தெரியாதா? அதான் முழுசா போறதுக்குள்ள ஒரு எடத்துல குடுத்துடலாம்னு. அவ கண்ணாலத்த என் கண்ணால பாத்துடணும். அவ்ளோதான்."

நம் பக்கத்தில் கல்யாணத்தைக் கண்ணாலம் என்றுதான் சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்கும் சொல். அதற்குள் கண் இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இந்த வேலையில் இது ஒரு பெரிய அலுப்பு, உங்களுக்கும் வரும். பாடம் நடத்தத்தான் சம்பளம் என்று வந்து உட்காருவீர்கள். பெற்றவர்கள் வந்து வீட்டுப் பாரத்தையெல்லாம் உங்கள் மேஜையில் இறக்கி வைத்துவிட்டு, சொல்லாதீங்க என்று ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். சாந்தாவிடம் நான் ஒன்று கேட்டேன். "நாடகம் முடிஞ்ச உடனே நீங்களே அவகிட்ட சொல்லணும். மாப்பிள்ளை விஷயத்தையும் சொல்லணும், கண்ணு விஷயத்தையும் சொல்லணும். அப்படின்னா நான் வாயைத் திறக்கலை." சரி என்று தலையாட்டினார். ஒரு தாய் மகளிடம் சொல்ல வேண்டியதை இடையில் புகுந்து நான் சொல்வது முறையில்லை என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒத்திகைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. நாடகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷூ கம்பெனி. தோல் துண்டுகள் காணாமல் போகின்றன. லைன் சூப்பர்வைசராக இருக்கும் பெண், எடுத்தவர் யாரானாலும் விடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் போடுகிறாள். எடுத்தது அவளுடைய சொந்தத் தங்கை. முதல் காட்சியிலேயே சபைக்கு அது காட்டப்பட்டுவிடும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அவள் போட்ட உத்தரவில் தங்கையைக் கேட்டுக்கு வெளியே தள்ளுகிறார்கள். அழுதுகொண்டே ஓடிய தங்கை ஹைவேயில் அடிபட்டுச் சாகிறாள். சாவு மேடையில் நடக்காது. ஒருத்தி ஓடி வந்து செய்தி சொல்வாள். அப்போதுதான் அக்காவுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் பெயர் அறிதல். அறியாமையிலிருந்து அறிவுக்கு வருவது. கைடில் அதை ஏதோ நல்ல விஷயம் போலத்தான் எழுதியிருப்பான்.

சூப்பர்வைசராக நடித்தது கோமதி. ஒத்திகையில் ஒருநாள் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள். "மேடம், இவ இன்னா லூசா? ஒரே வூட்ல இருக்கறாங்க. கூடப் பொறந்தவ மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா, ஏதோ மறைக்கறான்னு?"

"வசனத்தைச் சொல்லு" என்று அதட்டினேன். வேறென்ன சொல்ல? அவளை நேராகப் பார்க்கவே என்னால் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க, ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று அவள் எதிரில் வரும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு என்பதால் மாதனூர் பக்கத்திலிருந்து பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்துவிட்டார்கள். நாடகத்தில் கம்பெனி வருகிறது என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம். முன் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா பட்டுச் சேலையில், பக்கத்தில் அவர் தங்கை, அதற்கப்பால் புதுச் சட்டையின் மடிப்பு கலையாத அந்தப் பையன். அவர்களை அடுத்து சாந்தா. பின்னால் ஒரு வரிசை தள்ளி, அவருக்கு நூல் கோத்துக் கொடுத்த மல்லிகா. நான் மேடையின் ஓரத்தில், திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

வேனில் வந்த பெண்கள் நாடகம் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்காரவில்லை. கோமதி கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்று, "எடுத்தது என் ரத்தமா இருந்தாலும் கேட்டுக்கு வெளிய தள்ளுவேன்" என்று கர்ஜித்தாளோ இல்லையோ, சபையிலிருந்து ஒருத்தி எழுந்து கத்தினாள்.

"அடியே, உன் தங்கச்சி தாண்டி!"

"பின்னால தான் நிக்கறா, திரும்பிப் பாருடி!" என்றாள் இன்னொருத்தி.

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கத்தியவர்கள் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதறிப்போய்க் கத்தினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாருங்கடி, இதுதான் நாடக முரண் என்று பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் சொன்னேன். வகுப்பில் ஒருத்தி மண்டையிலும் ஏற்ற முடியாததை இந்த அம்மாக்கள் ஒரு நிமிஷத்தில் நடத்திவிட்டார்கள் என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பு கடைசிக் காட்சி வரைதான் நின்றது.

கடைசிக் காட்சியில் செய்தி வருகிறது. தங்கை செத்துப்போனாள். ஒத்திகையில் கோமதி அந்த இடத்தில் சபையைப் பார்த்தபடி அப்படியே உட்கார வேண்டும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நன்றாகத்தான் இருந்தது. அப்போது மல்லிகா எழுந்தார்.

"கோமதி! இந்தப் பக்கம் திரும்பி நில்லுடி! மாப்ள வூட்டுக்காரங்க குந்திக்கினு இருக்காங்க, மூஞ்சியே தெரியல!"

நல்ல மனசில் சொன்னதுதான். அது இப்போது புரிகிறது. அந்த நிமிஷத்தில் அவர் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது எனக்கு.

கோமதி திரும்பினாள். முன் வரிசையைப் பார்த்தாள். பட்டுச் சேலை, புதுச் சட்டை, பக்கத்தில் குனிந்த தலையோடு அம்மா. எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அடுத்துச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று பாக்கி இருந்தது. அதை அவள் மேடையின் விளிம்புக்கு வந்து, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தான் தெரியாது. இல்ல?"

நாடகத்தின் வசனம்தான் அது. பிள்ளைகள் எழுதியது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அட்டகாசமாகக் கத்திக்கொண்டிருந்த அந்த வேன் கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

திரைக் கயிற்றைப் பிடித்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். இழுக்கட்டுமா மேடம் என்று அவள் கண் கேட்டது. உங்களுக்கும் ஒருநாள் ஒரு பிள்ளை இப்படிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்ப்பாள். அப்போது கைடும் உதவாது, சிலபஸும் உதவாது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏனென்றால், அங்கே திரையை இழுத்தால் அவள் வீட்டு விஷயம் அப்படியே சபை நடுவில் கிடக்கும். நாடகத்தை முடித்துவிட்டால், சொன்னது சூப்பர்வைசர் சொன்னதாகவே போய்விடும். ஒளிந்துகொள்ள அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த நாடகம். அதை ஏன் நான் பிடுங்க வேண்டும்? கோமதி கடைசி வரை சொல்லி முடித்தாள். குரல் எங்கேயும் உடையவில்லை. கைதட்டல் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது.

ஒப்பனைக்கு ஒதுக்கியிருந்தது ஒரு வகுப்பறை. நான் போனபோது கோமதி மற்ற பிள்ளைகளையெல்லாம் வெளியே அனுப்பியிருந்தாள். சாந்தா வாசலில் நின்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

"சந்தைல மாட்டப் பாக்கற மாதிரி பாக்க வெச்சிட்ட இல்ல? இத்தினி பேரு முன்னால? நான் மேடைல அழுதத கூட உனக்கு பொண்ணு காட்டற ஐட்டமா போச்சா?"

"பாப்பா, அப்டி இல்லடி..."

"பேசாத. உன்கூட நான் பேசல. மேடம், நீங்களும் தானே? உங்களுக்கும் தெரியும் தானே?"

நான் சாந்தாவைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினேன். கண்ணால் காட்டி என்ன பயன்? அவருக்கு அது தெரிந்திருக்காது. "நீங்க சொல்றதா சொன்னீங்களேம்மா" என்றேன் வாய்விட்டு. சாந்தா பேசுவதற்குப் பதிலாக மகளின் பின்னால் போய், கோட்டைக் கழற்றிவிட ஆரம்பித்தார். பெரிய அளவுக் கோட்டு அது. அளவுக்குப் பிடித்து முதுகில் ஊக்குக் குத்தியிருந்தார்கள். கோமதிக்கு எட்டாது. கோபத்தோடேயே நின்று கொடுத்தாள். சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம்.

சாந்தாவின் விரல்கள் தோளில் தேடின. ஊக்கு இன்னும் கீழே இருந்தது. கழுத்துப் பட்டைக்குப் போயின, திரும்பி வந்தன, தையலைத் தடவின. காலமெல்லாம் தோலில் நூல் பிடித்துத் தைத்த விரல்கள். கடைசியில் ஊக்கின் முனை விரலில் ஏறியது. "ஸ்ஸ்" என்றார். "லைட்டு கம்மியா இருக்குது" என்றார்.

தலைக்கு நேர் மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

கோமதி மெல்லத் திரும்பினாள். அம்மாவின் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கண்களைப் பார்த்தாள். அவை அவளை விட்டுச் சற்று விலகி, அவள் காதுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அப்படிப் பார்த்தால்தான் சாந்தாவுக்கு மகளின் முகம் கொஞ்சமாவது தெரியும். கோமதி மேஜையிலிருந்து எதையோ எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது இன்னானு சொல்லு."

"எல்லாம் தெரியுது, போ."

"சொல்லும்மா."

சாந்தா சொல்லவில்லை. அவள் பிடித்திருந்தது பொட்டு அட்டை.

"பிரமோஷன்னு சொன்னியே" என்றாள் கோமதி. "மல்லிகா அத்தைக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்றேன். "உங்களுக்கு?" தெரியும் என்றேன். மேடையில் சொன்னதை அவள் மறுபடி சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் விரலைத் தன் சேலையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேடையில் அழுதது எதுவும் அழுகையே இல்லை என்று அப்போது தெரிந்தது. சாந்தா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "பரீட்ச முடியட்டும்னு தான்டி... பரீட்ச முடியட்டும்னு தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அங்கே நிற்கவும் பிடிக்கவில்லை, போகவும் கால் வரவில்லை. நானும் அழுதேன், என்ன செய்ய.

அறிதல் என்ற சொல்லை நான் எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். அது வந்ததும் கதை தலைகீழாகத் திரும்பும் என்றும் நடத்தியிருக்கிறேன். அந்தத் திருப்பத்துக்குத் தனிப் பெயர் உண்டு, தனி மதிப்பெண் உண்டு. கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க அவங்க?" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரைத்தான் கேட்டாள். மாப்பிள்ளை என்ற பேச்சுக்கே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பெண், பாதி கழற்றிய கோட்டோடு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே அவர்களிடம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

வாசலில் கார் நிற்கும் இடத்தில் அவர்கள் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். மல்லிகாவும் வேன் பெண்கள் சிலரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கோமதி அந்தப் பையனைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"ஆன்ட்டி, எனக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு. எங்கம்மாவுக்குக் கண்ணு போய்க்கினு இருக்குது. எனக்கே இப்பதான் தெரியும். அவங்க கடைசி வரைக்கும் என்கூட தான் இருப்பாங்க. கண்ணாலம் ஆனாலும் நான் படிச்சு வேலைக்குப் போவேன், அவங்கள பாத்துக்க. இது சரின்னா எனக்கு எல்லாம் சரி."

"பாப்பா..." என்று சாந்தா அவள் கையை இழுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. குரல் அவ்வளவு இனிமை. "அய்யோ, இதுல இன்னா கண்ணு இருக்குது? பெத்தவங்கள பாக்காம யாரப் பாக்கறது? தங்கமான பொண்ணு. நல்லா நடிச்ச. வூட்டுக்குப் போய் கலந்துக்கினு போன் பண்றோம், சாந்தாம்மா. வர்றோம், என்ன?"

அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தபோதே அந்த முகம் வேறு ஒன்று செய்துகொண்டிருந்தது. புருவம் ஏறி, தங்கையைப் பார்த்தது. தங்கை உதட்டைப் பிதுக்கினாள். பையன் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். போகலாம் என்று கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். நாங்கள் அத்தனை பேர் அங்கே நிற்கிறோமே என்றுகூட அவர்கள் கவலைப்படவில்லை. மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

கார்ச் சத்தம் ரோட்டுக்குப் போகும் வரை சாந்தா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நல்ல மாதிரி தான் பேசினாங்க, இல்ல மேடம்? கண்ணு விஷயத்த சொல்லியும் ஒண்ணும் சொல்லல பாருங்க. மூஞ்சிய சுளிச்சாங்களா? எனக்கு சரியா தெரில."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோமதிதான் பேசினாள். அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே, மிகவும் சாதாரணமாகச் சொன்னாள்.

"இல்லம்மா. சிரிச்சுக்கினே தான் போனாங்க."